இதயம் தன் துடிப்பின் வலிமையை எப்படிக் கூட்டிக் குறைக்கிறது?

மாடிப்படி ஏறும்போது நெஞ்சு ஓங்கி அடிக்கிறது. உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. இந்த அடியின் வலிமையை மூளை சொல்லி மாற்றுகிறதா, இதயமே பார்த்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டும் நடக்கின்றன, ஆனால் வெவ்வேறு வழிகளில். அவற்றைப் பிரித்துப் புரிந்துகொண்டால் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் வரும் எண்களும், இதயம் வலுவிழந்து போதிய ரத்தத்தை அனுப்ப முடியாத இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் கூடவே புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இதயத்தால் செய்ய முடியாத ஒன்று. ஒரு டம்ளரைத் தூக்கும்போது புயத் தசையின் இழைகளில் சிறு பகுதிதான் வேலை செய்கிறது. நிறைகுடத்தைத் தூக்கினால் மூளை இன்னும் பல இழைகளை வேலைக்கு இழுக்கிறது. நரம்புத் தூண்டல்களை இடைவிடாமல் அனுப்பி, ஒரு சுருக்கம் அடங்குமுன் அடுத்ததை அதன்மேல் ஏற்றுகிறது. இதயத்தில் இந்த இரண்டு வழியும் அடைபட்டவை. இதயத் தசைச் செல்கள் நுண்துளைகளால் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஓரிடத்தில் கிளம்பும் மின் தூண்டல் எல்லாச் செல்களுக்கும் பரவுகிறது. பாதிச் செல் உழைக்க, பாதிச் செல் ஓய்வெடுக்க என்ற முறையே இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் எல்லாம் சுருங்குகின்றன. தூண்டப்பட்ட செல் ஏறத்தாழ கால் நொடிக்கு அடுத்த தூண்டலை ஏற்பதும் இல்லை. அது நல்லதற்குத்தான். கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்வதுபோல் இதயம் பிடித்துக்கொண்டால் ரத்தம் உள்ளே வரவே இடமிருக்காது.

ஆக, வலிமையைக் கூட்ட ஒரே வழி, ஒவ்வொரு செல்லும் முன்னைவிடப் பலமாக இழுப்பது. அதற்கு உடல் இரண்டு பிடிகளை வைத்திருக்கிறது. ஒன்று, துடிப்பதற்கு முன் செல் எவ்வளவு நீட்டப்பட்டிருக்கிறது என்பது. மற்றது, அந்தத் துடிப்பில் செல்லுக்குள் எவ்வளவு கால்சியம் பாய்கிறது என்பது. மருத்துவத்தில் சுருக்கத்திறன் என்று சொல்வது இந்த இரண்டாவதை மட்டுமே. நீட்சியால் கூடும் வலிமையைச் சுருக்கத்திறன் என்று சொல்லக்கூடாது. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது.

கால்சியத்திலிருந்து தொடங்குவோம். 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டுக்கொண்டிருந்தார். நன்றாகவே துடித்தது. கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரித்தபோதோ துடிப்பு வலுவிழந்து நின்றது. முந்தைய கரைசல்கள் லண்டன் குழாய்நீரில் தயாரிக்கப்பட்டவை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழாய்நீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை ஓடவைத்திருந்தது. 1883-இல் இதை வெளியிட்டார். இன்றும் மருத்துவமனைகளில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் இருப்பது அவர் பெயர்தான்.

கை, கால் தசைகள் வெளியிலிருந்து கால்சியம் வராவிட்டாலும் சிறிது நேரம் சமாளிக்கும். உள்ளே இருக்கும் கிடங்கே அவற்றுக்குப் போதும். இதயத் தசைக்கு அது போதாது. மின் தூண்டல் வந்ததும் செல் சவ்வில் உள்ள கால்சிய வாயில்கள் திறந்து, வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் நுழைகிறது. அந்தக் கொஞ்சம், செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கின் கதவைத் திறக்கும் சாவி. கிடங்கிலிருந்து அதைவிட இரண்டு மூன்று மடங்கு கால்சியம் கொட்டுகிறது. அது ட்ரோபோனின் என்ற புரதத்தில் போய் ஒட்டியதும், தசைக்குள் இருக்கும் ஆக்டின் என்ற இழையை மறைத்திருக்கும் திரை விலக, பக்கத்திலுள்ள மயோசின் என்ற இழையின் கொக்கி போன்ற தலைகள் அதைப் பிடித்து இழுக்கின்றன. எத்தனை ட்ரோபோனினில் கால்சியம் ஒட்டுகிறதோ அத்தனை கொக்கிகள் இழுக்கும். வலிமை என்பது செல்லளவில் இவ்வளவுதான்.

தளர்ந்திருக்கும் செல்லுக்குள் கால்சியத்தின் அளவு வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. துடிக்கும்போது அது ஐந்து முதல் பத்து மடங்கு உயர்கிறது. அப்படி உயர்ந்தும், ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயத்தில் ட்ரோபோனின்கள் முழுமையாக நிரம்புவதில்லை. பாதிக் கொள்ளளவு காலியாகவே இருக்கிறது. ஓடும்போதும் பயப்படும்போதும் நாம் எடுத்துச் செலவழிப்பது இந்தக் கையிருப்பைத்தான்.

துடிப்பு முடிந்ததும் உள்ளே வந்த கால்சியம் முழுவதையும் திருப்பி அனுப்ப வேண்டும். மனித இதயத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தை செர்கா என்ற பம்ப் கிடங்குக்குள் திரும்ப ஏற்றுகிறது. மீதியில் பெரும்பகுதியை, மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே தள்ளும் ஒரு பரிமாற்றப் புரதம் அகற்றுகிறது. சுருங்குவதுதான் உழைப்பு, தளர்வது ஓய்வு என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. கால்சியத்தைக் கிடங்குக்கு ஏற்ற, செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாகிறது. ஆகவே தளர்வதும் எரிபொருள் கேட்கும் வேலைதான். ரத்தக்குழாய் அடைபட்டு இதயத் தசை பட்டினியாகும்போது முதலில் கெடுவது பெரும்பாலும் தளர்வுதான், சுருக்கம் பிறகே. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை இது வந்துகொண்டே இருக்கும்.

இப்போது நீட்சி. 1895-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்க் தவளை இதயத்திலும், 1914-இல் லண்டனில் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் அவரது சகாக்களும் நாயின் இதயத்திலும் கண்டது இது: இதயத்துக்குள் எவ்வளவு அதிகமாக ரத்தம் வந்து நிரம்புகிறதோ, அடுத்த துடிப்பு அவ்வளவு பலமாக இருக்கும். நரம்போ ஹார்மோனோ இதற்குத் தேவையில்லை. வந்ததை வெளியே தள்ளும் குணம் தசைக்கே இருக்கிறது.

காரணமாகப் பள்ளிப் புத்தகம் சொல்வது, செல் நீளும்போது ஆக்டினும் மயோசினும் ஒன்றன்மேல் ஒன்று சரியான அளவுக்குப் படிகின்றன என்பது. அது உண்மையில் ஒரு பகுதி மட்டுமே. தசையின் அடிப்படை அலகான சார்க்கோமியர் 1.8 மைக்ரானிலிருந்து 2.2 மைக்ரானுக்கு நீளும்போது வலிமை பல மடங்கு ஏறுகிறது. இழைகள் படிவதில் வரும் சிறு மாற்றம் மட்டும் அதற்குப் போதாது. முக்கியமான காரணம், நீண்ட செல்லின் ட்ரோபோனின் கால்சியத்தை இன்னும் இறுகப் பிடிக்கிறது. அதே அளவு கால்சியம், கூடுதல் இழுப்பு. நீட்சியின் பிடியும் முடிவில் கால்சியம் வழியாகத்தான் வேலை செய்கிறது.

இதனால் கிடைக்கும் பெரிய நன்மை, வலது இதயமும் இடது இதயமும் கணக்குப் பிசகாமல் இருப்பது. வலப்பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே ஒரு மில்லி மட்டும் கூடுதலாக நுரையீரலுக்கு அனுப்புகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு மணி நேரத்தில் 4,200 மில்லி. உடலில் இருக்கும் ரத்தமே ஐந்து லிட்டர் அளவுதான். அதில் பெரும்பகுதி நுரையீரலில் தேங்கிவிடும். அப்படி ஆவதில்லை. கூடுதலாக வந்த ரத்தம் இடப்பக்கத்தை நீட்டி, அதையும் கூடுதலாகத் தள்ளவைத்துவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் வலப்பக்கத்துக்கு வரும் ரத்தம் ஏறி இறங்குகிறது. சில துடிப்புகளுக்குள் கணக்கு நேராகிவிடுகிறது.

ரத்தப்போக்கு, கடும் வயிற்றுப்போக்கு, டெங்குவில் நீர் கசிவது ஆகியவற்றில் நாடி மெலிவது நீட்சி குறைந்ததால்தான். இதயத் தசையில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. பாட்டில் ஏற்றினால் நாடி நிமிரும். ஆனால் நீட்சியால் கூடும் வலிமை ஓரளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். அதன்பிறகு ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் துடிப்பைக் கூட்டாமல் நுரையீரலில்தான் தேங்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளியின் கால்களை 45 டிகிரிக்கு உயர்த்தினால் சுமார் 300 மில்லி ரத்தம் மார்பை நோக்கி வரும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் வெளியேற்றும் ரத்தம் 10 சதவீதமாவது கூடினால் பாட்டில் ஏற்றலாம். கூடாவிட்டால் ஏற்றுவதில் பயனில்லை. கால்களை இறக்கிவிட்டால் ரத்தம் திரும்பிப் போய்விடும் என்பதால் இந்தச் சோதனையில் இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

“அதிகம் நீட்டினால் இழைகள் பிரிந்துபோய் இதயம் வலுவிழக்கும்” என்று பல பாடக் குறிப்புகளில் இன்னும் எழுதுகிறார்கள். முழு இதயத்தில் அப்படி நடப்பதில்லை. டைட்டின் என்ற வில்சுருள் போன்ற புரதமும் சுற்றியுள்ள கொலாஜன் நார்களும் அந்த எல்லைக்கு முன்பே இறுகி நிறுத்திவிடுகின்றன. வீங்கிய இதயம் திணறுவதற்குக் காரணம் வேறு. அறையின் ஆரம் பெரிதாகப் பெரிதாக, அதே அழுத்தத்தை உண்டாக்கச் சுவர் இன்னும் அதிக இழுவிசை தர வேண்டியிருக்கிறது.

இனி மூளையின் பங்கு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் இறங்கிவிடும். அழுத்தம் குறைவதை உணரிகள் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்கின்றன. சில நொடிகளில் முகுளம், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் தடையைத் தளர்த்தி, இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளை முடுக்குகிறது. அவை இதயத்தில் நார்அட்ரீனலினைச் சுரக்கின்றன. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ரத்தம் வழியாக அட்ரீனலினை அனுப்புகிறது. இரண்டும் வந்து சேர்வது, இதயச் செல்லின் மேல் அவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதமான பீட்டா-1 ஏற்பியில். அங்கிருந்து சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு உருவாகி, புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் ஒரு நொதியை எழுப்புகிறது.

அந்த நொதி செய்யும் வேலைதான் இந்தப் பதிலிலேயே அழகான பகுதி. சவ்விலுள்ள கால்சிய வாயில் கூடுதலாகத் திறக்கிறது. உள்ளே வரும் சாவியும் கிடங்கிலிருந்து கொட்டுவதும் கூடுகின்றன. கூடவே, செர்கா பம்ப்பின் மேல் பிரேக் போல உட்கார்ந்திருக்கும் பாஸ்போலாம்பன் புரதம் விலகுகிறது. பம்ப் வேகமெடுத்து கால்சியத்தை விரைவாகத் திரும்ப ஏற்றுகிறது. கிடங்கு நிறைந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. ட்ரோபோனினும் தன் பிடியைச் சற்றுத் தளர்த்தி, கால்சியத்தைச் சீக்கிரம் விடுகிறது. வலிமையைக் கூட்டும் கட்டளை பிடியைத் தளர்த்துவதேன் என்று தோன்றலாம். நிமிடத்துக்கு 70 துடிப்பில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 0.85 நொடி, அதில் சுருக்கத்துக்கு 0.3 நொடி போனாலும் நிரம்ப அரை நொடிக்கு மேல் மிஞ்சும். 180 துடிப்பில் மொத்தமே 0.33 நொடி. சுருக்கம் பழைய 0.3 நொடியையே எடுத்துக்கொண்டால் ரத்தம் நிரம்ப நேரமே இராது. ஆகவே துடிப்பு பலமாகவும் இருக்க வேண்டும், சீக்கிரம் முடியவும் வேண்டும். ஒரே கட்டளை இரண்டையும் சேர்த்தே செய்துவிடுகிறது.

எண்ணில் சொன்னால்: ஓய்வில் இடது கீழறையில் சுமார் 120 மில்லி நிரம்பி, 70 மில்லி வெளியேறி, 50 மில்லி தங்குகிறது. கடும் உழைப்பில் தங்குவது 30 மில்லிக்கும் கீழே இறங்கலாம். அது கால்சியத்தின் வேலை. அதே நேரம் கால் தசைகள் சிரைகளைப் பிழிந்து அனுப்புவதால் நிரம்புவதும் கூடுகிறது. அது நீட்சியின் வேலை. துடிப்பு வேகமும் சேர்ந்தால், நிமிடத்துக்கு 5 லிட்டராக இருந்த ஓட்டம் 20 லிட்டரைத் தாண்டுகிறது. வேகஸ் நரம்பு முக்கியமாகத் துடிப்பு வேகத்தைத்தான் குறைக்கிறது. கீழறையின் வலிமையில் அதற்குப் பங்கு சிறிது.

நரம்பே இல்லாவிட்டால் என்ன ஆகும்? மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் அதைப் பார்க்கலாம். அறுவையில் நரம்புகள் அறுந்துவிடுவதால் வேகஸின் தடை இல்லாமல், ஓய்விலேயே நாடி 90, 100 என்று ஓடும். அவர்கள் நடக்கத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் நாடி ஏறாது. இதயம் நீட்சியை மட்டும் நம்பிச் சமாளிக்கிறது. பிறகுதான் ரத்தத்தில் வரும் அட்ரீனலின் கைகொடுக்கிறது. உட்கார்ந்த பின்னும் அது உடனே அடங்காது. உடற்பயிற்சியை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கும்படி அவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

துடிப்பின் வேகமும் தன் பங்குக்கு வலிமையை மாற்றுகிறது. 1871-இல் லைப்சிக் நகரில் ஹென்றி பௌடிச், தவளை இதயத்தை நிறுத்தி மீண்டும் சீராகத் தூண்டியபோது ஒவ்வொரு துடிப்பும் முந்தையதைவிடச் சற்றுப் பலமாக, படிக்கட்டுபோல் ஏறுவதைக் கண்டார். துடிப்புகள் நெருங்கினால் கால்சியம் அடிக்கடி நுழைகிறது, வெளியேற நேரம் குறைகிறது, கிடங்கு நிறைகிறது. பலர் பயந்துகொண்டு வரும் ஒரு தொல்லைக்கு விளக்கம் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது: “நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு, அடுத்து ஓங்கி அடிக்கிறது.” நடப்பது, ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்துவிடுவது. அதற்குள் அறை நிரம்பவில்லை, கிடங்கும் தயாராகவில்லை. அதனால் அது நாடியில் தெரியாத அளவுக்கு மெலிந்துபோகிறது. பின்வரும் நீண்ட இடைவெளியில் ரத்தமும் அதிகம் நிரம்புகிறது, கிடங்கும் நிறைந்துவிடுகிறது. அந்தத் துடிப்பைத்தான் நெஞ்சில் குத்துபோல் உணர்கிறார்கள். இதயம் ஆரோக்கியமாக இருந்தால் எப்போதாவது வருவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலியோடு வந்தாலோ, அடுக்கடுக்காக வந்தாலோ ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும்.

சுற்றுச்சூழல் கெட்டாலும் வலிமை குறையும். ரத்தத்தில் அமிலம் ஏறினால் ஹைட்ரஜன் அயனிகள் ட்ரோபோனினில் கால்சியம் ஒட்டுவதைக் கெடுக்கும். பல யூனிட் ரத்தத்தை வேகமாக ஏற்றும்போது ரத்தம் உறையாமலிருக்க அதில் சேர்த்திருக்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் அப்போது கால்சியம் குளுக்கோனேட் போடுகிறார்கள். தைராய்டு ஹார்மோன் செர்காவின் உற்பத்தியையே மாற்றுவதால், அது குறைந்தவர்களின் இதயம் மந்தமாகச் சுருங்கி மந்தமாகத் தளரும்.

இனி எக்கோ அறிக்கை. அதில் எல்லோரும் முதலில் பார்ப்பது வெளியேற்ற விகிதம்: நிரம்பியதில் எத்தனை சதவீதம் வெளியேறியது என்பது. 120-இல் 70 என்றால் 58 சதவீதம். ஏறத்தாழ 55 முதல் 70 வரை இயல்பு. இந்த எண் சுருக்கத்திறனை மட்டும் அளப்பதில்லை. நீட்சியும், எதிரே இருக்கும் ரத்த அழுத்தமும் அதில் கலந்திருக்கின்றன. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு கடுமையாகக் கசிபவருக்கு ரத்தம் பின்பக்கமாக எளிதாகப் போய்விடுவதால், தசை களைத்த பிறகும் எண் நன்றாகவே தெரியும். அவர்களுக்கு இந்த எண் 60 சதவீதத்துக்கு இறங்கினாலே அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டும். மறுபக்கம், 60 சதவீதம் இருந்தும் மூச்சு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் இதயம் சுருங்கத் திணறுவதில்லை, தளரத் திணறுகிறது. நீண்டகால ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன் உள்ளவர்களிடம் இது அதிகம். ‘கிரேடு ஒன் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ (தளர்வுக் கோளாறின் முதல் படி) என்ற வரியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அறுபதைத் தாண்டிய பலரின் அறிக்கையில் அது வயதின் அடையாளமாகவே வருகிறது. ஆனால் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்காமல் விட்டால் அது அடுத்த கிரேடுகளுக்கு நகரும்.

செயலிழந்த இதயத்தில் கெடுவது முக்கியமாக இந்தக் கால்சிய நிர்வாகம்தான். செர்கா குறைகிறது, கிடங்கின் கதவு கசிகிறது, கிடங்கு சரியாக நிரம்புவதில்லை. அழுத்தம் குறைவதைப் பார்த்து முகுளம் பரிவு நரம்புகளை இரவும் பகலும் முடுக்குகிறது. தொடர்ந்து அடிபடும் செல் தன் பீட்டா-1 ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. வலுவிழந்த இதயத்துக்கு வலுவூட்டும் மருந்து கொடுத்தால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும் மில்ரினோனை மாத்திரையாகத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1991-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களிடம் இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. கசியும் கிடங்கில் இன்னும் கால்சியத்தைத் திணித்தால் அது தாறுமாறான துடிப்பாக வெடிக்கிறது, எரிபொருளும் தீர்கிறது. அதனால் இவ்வகை மருந்துகளை இன்று பெரும்பாலும், அழுத்தம் சரிந்த நெருக்கடியில், சில மணி நேரமோ சில நாட்களோ மட்டும் ஊசி வழியாகக் கொடுக்கிறார்கள்.

டிஜாக்ஸின் என்ற மருந்து எடுப்பது இன்னொரு பாதை. அது சோடியத்தை வெளியேற்றும் பம்ப்பைத் தடுக்கிறது. உள்ளே சோடியம் ஏறுவதால் கால்சியம் வெளியேறுவது குறைந்து, கிடங்கு நிறைகிறது. பயனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிறுநீரைக் கூட்டும் மாத்திரையால் பொட்டாசியம் இறங்கியவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகலாம். வாந்தி, பார்வையில் மஞ்சள் நிறம், நாடி குறைவது ஆகியவை எச்சரிக்கை. மஞ்சள் அரளியின் நஞ்சும் இதே பம்ப்பைத்தான் அடைக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதனால் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அரளி உள்ளே போனவர் பேசிக்கொண்டு நன்றாக இருந்தாலும், ஈசிஜி கண்காணிப்பு உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். துடிப்புக் கோளாறு மணிக்கணக்கில் தாமதித்தும் வரும்.

உயிரைக் காத்தது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த மருந்து. பீட்டா ஏற்பியை அடைக்கும் பீட்டா பிளாக்கரை, செயலிழந்த இதயத்துக்குக் கொடுக்கவே கூடாது என்று பாடம் நடத்திய காலத்தில், ஸ்வீடனின் கோதன்பர்க் நகர மருத்துவர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்து, 1975-இல் முன்னேற்றத்தை அறிவித்தார்கள். 1999-இல் பிஸோப்ரோலால், மெட்டோப்ரோலால் இரண்டிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சாட்டையடி நின்றதும் செல் மெல்லத் தேறி, ஏற்பிகளும் கால்சிய நிர்வாகமும் ஓரளவு மீள்கின்றன. அது மாதங்களில் நடக்கும் வேலை. ஆகவே பிஸோப்ரோலால் என்றால் 1.25 மில்லிகிராமில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் குறைந்தது இரண்டு வார இடைவெளி விட்டு மெல்ல ஏற்றுகிறார்கள். முதல் வாரங்களில் களைப்பு கூடினால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றே போய்ப் பாருங்கள். நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாளில் நிறுத்திவிடுவதுதான் இருப்பதில் ஆபத்தானது. அடைத்துவைத்த மாதங்களில் ஏற்பிகள் பெருகியிருக்கும். மருந்து விலகியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் அட்ரீனலினுக்குத் திறந்துகொள்ளும்.